மஞ்சள் சட்டையில் பட்ட சுண்ணாம்பு

அந்தக் காமிக்ஸைப் பிரித்ததும் முதலில் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு மை வாசனை வரும்... பின்னாலேயே வெற்றிலை வாசனை. இரண்டாவது, குடவாசல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் லெண்டிங் லைப்ரரி வைத்திருந்த கோவிந்து மாமாவின் உபயம். வெற்றிலை இல்லாமல் அந்த வாயை நான் பார்த்ததே இல்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

அட்டை மட்டும்தான் கலர். ஆரஞ்சு வானம், குதிரை மேல் மஞ்சள் சட்டைக்காரன். கலர் கோட்டைத் தாண்டி வழிந்து, உதட்டுச் சிவப்பு மீசைக்கும் ஏறியிருக்கும். அதுவும் ஒரு அழகுதான்.

உள்ளே போனால் சாணித்தாள், கறுப்பு வெள்ளை. ஆனால் அந்தக் கோடுகள்! சாய்வாக நாலு இழுப்பு இழுத்தால் மழை. பாதி முகத்தில் மையை அப்பிவிட்டால் அவன் மனதில் ஏதோ கிடந்து உறுத்துகிறது என்று தெரிந்துவிடும். வசனமே இல்லாத ஒரு பக்கம் உண்டு... மரத்தடியில் அவன் தனியாக நிற்பான், பக்கத்தில் குதிரை. கதையைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு அந்த ஒரு பக்கத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அட்டையில் மஞ்சளாக இருந்த சட்டை இங்கே வெள்ளையாக இருந்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கலர் பென்சில் கிடையாது. மஞ்சள்தூளைக் குழைத்து, ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றி, கோடு தாண்டாமல் பூசினேன். அட்டைக்குக் கலர் போட்டவரைவிட நன்றாகவே வந்தது, சத்தியமாக.

காய்ந்த பிறகுதான் அது லைப்ரரி புத்தகம் என்பது உறைத்தது. லைப்ரரி கார்டு வாங்கித் தந்த அன்றே அப்பா சொல்லியிருந்தார்.

"புக்குல ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்துச்சு... அன்னைக்கே கார்டைக் கிழிச்சுப் போட்டுருவேன், பாத்துக்க."

அப்பா சொன்னால் செய்கிறவர்.

திருப்பிக் கொடுக்கப் போன அன்று பார்த்து அப்பாவும் கூடவே வந்தார். சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நின்றார். கோவிந்து மாமா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அதே கையோடு புத்தகத்தை வாங்கி, கிழிசல் இருக்கிறதா என்று வழக்கம்போல ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அந்தப் பக்கம் வந்தது. சுண்ணாம்பு விரலால் சட்டையைத் தடவிப் பார்த்தார்.

படத்தில் அவன் நெஞ்சு குப்பென்று சிவந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைக்கிற வீட்டில் பிறந்தவளுக்கு இது தோன்றாமல் போயிற்றே! மரத்தடியில் சும்மா நின்றவனுக்குக் குண்டடி பட்டுவிட்டது.

"என்ன கோவிந்து, கிழிச்சுட்டாளா?" அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார்.

மாமா என்னைப் பார்த்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. என் வெத்தலைக் கை பட்டுக் கறையாயிடுச்சு. புள்ள நல்லாத்தான் வச்சிருந்துச்சு."

அடுத்த முறை நான் தனியாகப் போனபோது குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"குதிரைக்கு ஏன் பூசாம விட்ட?"

"மஞ்சள் தீந்துபோச்சு மாமா."

சிரித்த சிரிப்பில் அவருக்கு வெற்றிலை புரையேறிவிட்டது.

போன மாதம் தஞ்சாவூர் புத்தகக் கண்காட்சியில் அதே கதை கிடைத்தது. முழுக்கக் கலர், வழவழ தாள், ஒரு இடத்தில்கூடக் கலர் கோடு தாண்டவில்லை. கலர் போட்டவர் கெட்டிக்காரர், குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மரத்தடிப் பக்கத்தைத் தேடினேன். சட்டை மஞ்சள்தான்... நெஞ்சில்தான் கறை இல்லை. மாமாவும் இப்போது இல்லை. நான் அவருக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

மிக்சர் தின்ற கையோடு என் மகள் ஓடி வந்தாள். "அம்மா, குடும்மா, நான் பாக்குறேன்!"

'கையைக் கழுவிட்டு வா' என்று வாய்வரை வந்தது...

சொல்லவில்லை. அந்தப் பக்கத்தையே விரித்து அவள் மடியில் வைத்தேன்.