நாகையிலும் பினாங்கிலும் ஒரே கணம்

பகலில் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் மாஸ்டர், சனிக்கிழமை சாயங்காலம் பினாங்கு வாசகசாலையில் புதுப் பௌதிகத்தைத் தமிழில் சொல்கிறவன் என்று இரட்டை வேலை பார்ப்பவனுக்கு, தனக்கே புரியாததைப் பிறருக்குப் புரியவைக்கும் பாக்கியம் வாரம் தவறாமல் கிடைக்கும். இதில் மாட்டிக்கொண்ட மற்றவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த வருஷம் நான் விலைக்கு வாங்கிய வம்பு இது. ஒன்றாகப் பிறந்து பிரிந்துபோன இரண்டு துகள்கள். ஒன்றை இங்கே அளந்தால், எங்கோ இருக்கும் மற்றதன் நிலையும் அந்தக் கணமே முடிவாகிவிடுகிறது என்கிறது குவாண்டம் கணக்கு. ஒளியை முந்தி எதுவும் போகாது, எல்லா ஊருக்கும் பொதுவான ‘அந்தக் கணம்’ என்பதே கிடையாது என்கிறது சார்பியல். இரண்டையும் ஒத்துப்போக வைக்க வேண்டும்.

துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ஆறுமுகம் தவறாமல் முன்வரிசையில் உட்காருவார். நாகப்பட்டினத்தில் காய்ச்சலாகக் கிடந்த அவருடைய தம்பி தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால் இறந்துவிட்டான். கடிதம் கப்பலில் வந்து சேர்வதற்குள் இவர் இங்கே தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுத்து முடித்துவிட்டார். சேதி கேட்ட நாளிலிருந்துதான் தீட்டு என்று பெரியவர்கள் சொல்லியும் அவருக்கு மனம் ஆறவில்லை. தீட்டோடு மலையேறினேனா என்பதைப் பௌதிகம் சொல்லட்டும் என்று வந்துகொண்டிருந்தார்.

ஒற்றைச் செருப்பு

உதாரணம் சொன்னால் புரியும் என்று நினைத்தேன். ஒரு ஜோடிச் செருப்பைப் பிரித்து, ஒன்றை ரங்கூனுக்கும் ஒன்றை மேடானுக்கும் அனுப்புகிறோம். மேடானில் பொட்டலத்தைப் பிரித்து இடது என்று கண்டால், ரங்கூனில் இருப்பது வலது என்று தெரிந்துவிடும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பிரிக்கும்வரை எந்தப் பொட்டலத்திலும் இடதும் இல்லை, வலதும் இல்லை என்று சேர்த்தேன். சூலியா தெருவில் செருப்புக்கடை வைத்திருந்த மரைக்காயர் எழுந்தார்: “மாஸ்டர், அப்படிப் பொட்டலம் கட்டுறவன என் கடையில ஒரு நாள்கூட வச்சிருக்க மாட்டேன் லா!”

பிறை

அடுத்த வாரம் அதே மரைக்காயர் கைகொடுத்தார். பொதுவான கணம் இல்லாமல் எது எப்போது முடிவாகும் என்று நான் திணறிக்கொண்டிருந்தேன். “இதுக்கா இவ்வளவு பாடு? பிறை கண்ட ஊருக்குப் பெருநாள். காணாத ஊருக்கு இன்னும் நோன்பு. ரெண்டும் சரிதான்” என்றார். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஊருக்கு ஊர் தனித்தனி முடிவு என்று வைத்துக்கொண்டால் சார்பியலுக்குக் கோபம் வராது. ஆறுமுகத்தின் முகம்கூடக் கொஞ்சம் தெளிந்தது.

ஆனால் துகள் விஷயத்தில் இரண்டு ஊர்க் கணக்கும் கடைசியில் ஒத்துப்போயாக வேண்டும். இரண்டு ஊர்க்காரர்களும் ஓரிடத்தில் சந்தித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். மரைக்காயர் சிரித்துவிட்டார்: “அங்கதான் மாஸ்டர் சண்டையே ஆரம்பிக்கும்!”

காவடி

கூட்டம் கலைந்ததும் ஆறுமுகம் என் கூடவே நடந்து வந்தார். அவரை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. நாகையிலிருந்து இங்கே வர ஒளிக்கு ஒரு நொடிகூட வேண்டாம், ஆகவே இரண்டு நாள் வித்தியாசத்துக்குச் சார்பியல் துணைக்கு வராது என்றேன். தம்பி போனது முன்னால், காவடி பின்னால். எந்தக் கணக்கிலும் அது மாறாது. தெரியாமல் செய்ததற்கு நீங்கள் பொறுப்பா என்பதைப் பௌதிகம் சொல்லாது, பெரியவர்கள் சொன்னதையே நம்புங்கள் என்றும் சொன்னேன்.

தெருமுனையில் நின்று அவர் கேட்டார்: “தீட்டு கிடக்கட்டும் மாஸ்டர். அன்னைக்கு மலையில, தம்பிக்குக் காய்ச்சல் தீரணும்னுதான் வேண்டிக்கிட்டேன். அந்த வேண்டுதல் எங்க போய்ச் சேர்ந்திருக்கும்?”

இரண்டு பௌதிகங்களைச் சமாதானப்படுத்தக் கிளம்பிய நான், ஒரு கிராணியின் கேள்விக்குத் தப்பி, அடுத்த சனிக்கிழமை நெம்புகோலைப் பற்றிப் பேசினேன்.