முனிரத்தினத்தின் வாய்

காஞ்சிபுரத்துக்கும் ஐயம்பேட்டைக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிற முனிரத்தினத்தின் மேல் போக்குவரத்துக் காவலர்களுக்கு எந்தப் புகாரும் இல்லை. ஊருக்குத்தான் புகார். அதுவும் ஆட்டோவின் மேல் இல்லை, அவருடைய வாயின் மேல். கால்பந்து ஆடுகிற ஒரு பிள்ளையைப் பார்த்து, "எழுதி வெச்சிக்கோ, இது பெரிய ஆளா வரும்" என்று அவர் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளையின் பெற்றோர் அன்று மாலையே பூசணிக்காய் வாங்கக் கிளம்பிவிடுவார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. தினேஷ் என்று ஒரு கோல்கீப்பர் இருந்தான். கை இரண்டும் கதவு மாதிரி. முனிரத்தினம் பாராட்டிய மறுவாரம் பந்தைப் பிடிக்கப் பாய்ந்தவன் கம்பத்தைப் பிடித்தான். மணிக்கட்டு போயிற்று. இப்போது ஒரகடத்தில் கார்களுக்குக் கதவு மாட்டுகிறான். ராமராஜன் என்ற ஃபார்வர்டைச் சென்னைக் கிளப் ஒன்று கொத்திக்கொண்டு போய் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் உட்கார வைத்தது. உட்கார்ந்து உட்கார்ந்து பொழுது போகாமல் அரசுத் தேர்வுக்குப் படித்துத் தாலுகா ஆபீசில் கிளார்க் ஆகிவிட்டான். அவனுடைய அம்மா மட்டும் முனிரத்தினத்துக்கு இன்றும் தீபாவளிக்கு அதிரசம் கொடுத்தனுப்புகிறார். வரதராஜன் என்ற பின்களத்துப் பையன் காதலித்த பெண்ணோடு ஓசூருக்குப் போய்விட்டான். அதையும் ஊர் இவருடைய கணக்கிலேயே எழுதியது.

தொலைக்காட்சியில் கோட்டுப் போட்ட நிபுணர்கள் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். இந்த ஆண்டு கலக்கப்போகும் இளைஞர்கள் என்று படம் போட்டு, அம்புக்குறி போட்டு, சதவீதம் போட்டுச் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு அந்த இளைஞர்களில் முக்கால்வாசிப் பேரை அவர்களே மறந்துவிட்டுப் புதிதாக ஒரு செட்டைக் கொண்டுவருகிறார்கள். அவர்களுக்குச் சம்பளம், முனிரத்தினத்துக்குச் சாபம். ஐயம்பேட்டையில் ஞாபக சக்தி கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

முனிரத்தினமும் ஒரு காலத்தில் பஸ் டிப்போ அணியில் வலது பக்கத் தடுப்பாட்டக்காரர். அவர் பெரிய ஆளாக வருவார் என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் முழங்கால் போயிற்று. இந்த உதாரணத்தை அவர் எடுத்துச் சொன்னபோது யாரும் பொருட்படுத்தவில்லை. அவருக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெருமைதான்.

"தப்பா சொல்லியிருக்கலாம்பா," என்பார். "பொய்யா ஒரு தபா கூட சொன்னதில்ல."

இப்படிப்பட்டவருடைய தங்கை மகளே தொழில்முறை அணி ஒன்றில் ஆட வந்தால் அந்த வீட்டின் நிலைமை என்னவாகும்?

வேகவதி எஃப்.சி. என்ற அந்தக் கிளப்பை ஆரம்பித்தவர் காந்தி ரோட்டில் பட்டு ஜவுளிக்கடை வைத்திருக்கிற கலியாணசுந்தரம். வேகம் என்பது பெயரில் மட்டும் இருக்கிற நதியின் பெயரை ஒரு கால்பந்து அணிக்கு எதற்காக வைத்தார் என்பது அவருக்கே வெளிச்சம். நல்ல மனிதர். ராகுகாலத்தில் பில் போடமாட்டார். கோல்கீப்பரை ஒப்பந்தம் செய்வதற்கு முன் வரதராஜப் பெருமாள் கோயில் பல்லியைத் தொட்டுவிட்டு வந்தார்.

அவருடைய பெண்கள் அணியில் முனிரத்தினத்தின் தங்கை லில்லியின் மகள் ஏஞ்சல் இடது விங்கில் ஓடினாள். வலது விங்கில் ஐயம்பேட்டை நெசவாளி சிவராஜின் மகள் அகிலா. இரண்டு பேருக்கும் பத்தொன்பது வயது. இரண்டு பேரும் ஒரு பருவத்துக்குத் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர்கள். அடுத்த ஆண்டுப் பட்டியலில் விங்கருக்கு மிச்சம் இருந்தது ஒரே இடம். அது கிடைத்தவளுக்கு இரண்டு வருட ஒப்பந்தம், மாதச் சம்பளம், சாப்பாடு, முழங்கால் போனால் பார்க்க ஒரு பிசியோ. கிடைக்காதவளுக்கு ஒரு சால்வை. சனிக்கிழமை கடைசி ஆட்டம் முடிந்ததும் முடிவு.

வியாழக்கிழமை லில்லி ஒரு தூக்குவாளி மீன் குழம்போடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். லில்லி மருத்துவமனையில் வார்டு வேலை பார்க்கிறவள். கல்யாணத்துக்குப் பிறகு தேவாலயத்துக்குப் போகிறாள். ஜெபமும் செய்வாள், பூசணிக்காயும் உடைப்பாள். இரண்டு இடத்திலும் கணக்கு இருந்தால் நல்லது என்பது அவளுடைய கொள்கை.

"அண்ணா, ஒன்னு கேட்டா செய்வியா?"

"கொழம்ப வெச்சிட்டு கேளு."

"ஏஞ்சலப் பத்தி வாயத் தொறக்காத."

"இதுவரிக்கும் தொறந்தேனாமா? கொழந்தயா பந்து ஒதைக்கறப்பலேருந்தே பாத்துக்கினு இருக்கறேன். ஒரு வார்த்த சொல்லியிருப்பேனா?"

"சொல்லல. சனிக்கிழம முடியறவரிக்கும் மனசுல கூட நெனைக்காத."

"நெனைக்கறத எப்பிடிமா நிறுத்தறது?"

"எதுனா சீரியல் பாரு."

முனிரத்தினம் உண்மையாகவே இரண்டு சீரியல் பார்த்தார். அதில் ஒரு மருமகள் பெரிய ஆளாக வருவாள் என்று அவருக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சிவராஜ் சாயம் தோய்த்த பட்டுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் டிரைவர் பக்கத்து இடத்தில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் பூக்கூடைக்காரி ஜெயம்மாளும் கல்லூரிப் பிள்ளைகளும்.

"இன்னா முனிரத்தினம், உன் மருமவ எப்பிடி ஆடறா?" என்று ஆரம்பித்தார் சிவராஜ்.

"ஆடறா."

"நல்லா ஆடறாளா?"

"பந்து ஓடுது. பின்னாலயே அவளும் ஓடறா."

"அது சரிபா. பெரிய ஆளா வருவாளா?"

ஆட்டோவுக்குள் இருந்த பேச்சு எல்லாம் நின்றது. ஒரு கல்லூரிப் பெண் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள்.

"சில்லறையா குடுத்துடுபா," என்றார் முனிரத்தினம்.

"இன்னாபா, சொந்தத் தங்கச்சி பொண்ணு. நல்லதா ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா பூடுவ? நானே சொல்றேன், நல்ல பொண்ணு. நீயும் சொல்லு."

பின்னாலிருந்து ஜெயம்மாள் பூ தொடுப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "ஏன் சிவராஜண்ணா, அகிலா எப்பிடி ஆடுதுன்னு கேக்கறதுதான? பாவம், அந்தாளு வாய் சும்மாதான கீது."

சிவராஜ் தன்னுடைய நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பாகவே இறங்கிக்கொண்டார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

சனிக்கிழமை மைதானத்தில் நல்ல கூட்டம். முனிரத்தினம் ஆட்டோவை வெளியே போட்டுவிட்டு, வாயில் ஒரு பாக்கு அடக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். முதல் பாதியில் கோல் இல்லை. ஏஞ்சல் இடது பக்கம் மூன்று முறை எதிரணிப் பெண்ணை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டுப் போனாள். நான்காவது முறை பந்தைப் பறிகொடுத்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பந்தை மீட்க மைதானத்தின் மறு கோடியிலிருந்து அகிலா ஓடிவந்தாள். சிவராஜ் வேலியோரம் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பார்க்கத் தைரியம் இல்லாதவர் எதற்கு டிக்கெட் வாங்கினார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இடைவேளையில் முதலாளி கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. பந்தலுக்குள் கலியாணசுந்தரம் கையில் ரோஸ்மில்க்கோடு உட்கார்ந்திருந்தார்.

"வாப்பா முனிரத்தினம். உன்னப் பத்தி நெறயக் கேள்விப்பட்டேன். ஒரு எடம் இருக்குது, ரெண்டு பொண்ணு இருக்குது. கோச்சம்மா லேப்டாப்புல புள்ளியும் கோடுமா என்னமோ காட்டறாங்க, எனக்கு அது புட்டா போட்ட புடவை மாதிரி தெரியுது. நீ சொல்லு. ரெண்டுல எது பெரிய ஆளா வரும்?"

"நான் சொன்னா இன்னா சார் செய்வீங்க?"

"நீ சொன்ன பொண்ண வீட்டுக்கு அனுப்பிட்டு இன்னொன்ன வெச்சிக்குவேன்."

சொல்லிவிட்டு ரோஸ்மில்க்கை ஒரு வாய் உறிஞ்சினார். கிண்டல் இல்லை. அவருடைய வியாபார வரலாற்றிலேயே இவ்வளவு கவனமாக அவர் எடுத்த முடிவுகள் குறைவு.

முனிரத்தினம் பாக்கைத் துப்பிவிட்டு வந்தார். அவருக்குத் தெரியும், ஏஞ்சல்தான். தங்கை மகள் என்பதற்காக இல்லை. அகிலா நல்ல ஆட்டக்காரி, இன்றைக்கு என்னவோ அதேதான் மூன்று வருடம் கழித்தும். ஏஞ்சல் இன்றைக்குப் பாதி. மீதிப் பாதி எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் மைதானம் தாங்காது. உண்மையைச் சொன்னால் அவள் வீட்டுக்குப் போவாள். "அகிலா" என்று சொன்னால் ஏஞ்சலுக்கு இரண்டு வருட ஒப்பந்தம். மூன்றே எழுத்து. பந்தல் துணியின் இடைவெளியில் ஸ்டாண்டில் லில்லி தெரிந்தாள், ஜெபமாலை இல்லாத விரல்களை உருட்டிக்கொண்டிருந்தாள். வேலியோரம் சிவராஜின் முதுகும் தெரிந்தது.

வாயைத் திறந்தார். கலியாணசுந்தரம் முன்னால் சாய்ந்தார்.

"சார், எழுதி வெச்சிக்கோங்க," என்றார் முனிரத்தினம். "உங்க கிளப்பு பெரிய ஆளா வரும்."

ரோஸ்மில்க் வேட்டியில் கொட்டியது.

"என்னய்யா சொல்ற?"

"மொத்த கிளப்பும் சார். மேல் லீக்குக்குப் போவும். கப்பு வரும். கடை கூட இன்னொரு மாடி எழும்பி..."

"கடைய ஏம்பா இழுக்கற?" முதலாளி எழுந்தே விட்டார். "இத வாபஸ் வாங்கு."

"வாபஸ் வாங்கற பழக்கம் இல்ல சார். நீங்க என்னிய வுட்டுட்டு கோச்சம்மாவ கேட்டீங்கன்னா, கடையப் பத்தி நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லன்னு வெச்சிக்கலாம்."

கிளப் பெரிய ஆளாக வரும் என்று சொன்னது பொய்தானே என்று பிறகு சிலர் கேட்டார்கள். சொன்ன அந்த நிமிஷம் தனக்கு அப்படித்தான் தோன்றியது என்கிறார் முனிரத்தினம். இதற்கு மேல் அவரை யாராலும் நெருக்க முடியவில்லை.

பயிற்சியாளர் இளவரசியிடம் முழு அதிகாரமும் வந்து சேர்ந்தது. அந்தப் பருவத்தில் அது முதல் முறை. இரண்டாம் பாதியில் ஏஞ்சல் இரண்டு பேரைக் கடந்து, மூன்றாமவளைப் பாதி உட்கார வைத்துவிட்டு, இடது காலால் அடித்தாள். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. திரும்பிய பந்துக்கு நேரே வந்து நின்ற அகிலா அதைத் தட்டி உள்ளே விட்டாள். ஆட்டத்தில் ஒரே கோல். சிவராஜ் சத்தம் கேட்டுத் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது.

இடம் அகிலாவுக்கு. இளவரசி ஏஞ்சலைத் தனியே அழைத்து மறைக்காமல் சொன்னார்: "நீ என்னவா ஆவேன்னு எனக்குத் தெரியும். எப்ப ஆவேன்னு தெரியல. எனக்கு அடுத்த வருஷம் மேட்ச் ஜெயிக்கணும். அகிலா திரும்பி ஓடி வருவா, நீ நின்னு பாக்கற." சென்னையில் தனக்குத் தெரிந்த கிளப் ஒன்றில் செவ்வாய்க்கிழமை தேர்வு ஆட்டத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டார்.

பந்தலுக்குள் நடந்த பேச்சு முழுவதும் ரோஸ்மில்க் ஊற்றியவர் மூலமாக அதற்குள் ஸ்டாண்டுக்கு வந்திருந்தது. திரும்பும் வழியில் ஆட்டோவின் பின் இருக்கையிலிருந்து லில்லி ஆரம்பித்தாள்.

"ஒரு பேரு. அகிலான்னு ஒரு பேரு. அதச் சொல்ல உனுக்கு நாக்கு வரல."

"அதும் பொண்ணுதானமா."

"எம் பொண்ணு?"

முனிரத்தினம் கியரை மாற்றினார். பக்கத்தில் ஏஞ்சல் சால்வையையும் பூட்ஸையும் மடியில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி வந்தாள். ஊருக்கு வெளியே வந்த பிறகுதான் பேசினாள்.

"மாமா, சார் கேட்டப்ப உண்மையச் சொல்லியிருந்தா யார் பேரச் சொல்லியிருப்ப?"

"அண்ணா, வேணாம்," என்றது பின் இருக்கை. "செவ்வாக்கிழம ட்ரையல் இருக்குது."

"தினேஷண்ணனுக்குச் சொன்ன. ராமராஜனுக்குச் சொன்ன. ஓசூர் போச்சே, அதுக்குக் கூட சொன்ன. எனக்கு ஒரு வார்த்த சொன்னதில்ல. நீ வந்து பாக்கற ஒவ்வொரு மேட்சும் முடிஞ்சி உன் மூஞ்சியப் பாப்பேன். கம்முனு வண்டியத் தொடச்சிக்கினு இருப்ப. நான் சுமாரா ஆடறேன் போலருக்குதுன்னு நெனச்சிக்கினே வளந்தேன் மாமா."

முனிரத்தினம் ஆட்டோவை ஓரம் கட்டினார். எஞ்சினை அணைத்தார். காப்பாற்றுவதாக நினைத்துத் தான் இத்தனை வருடம் மூடி வைத்திருந்த வாய், இந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு தீர்ப்பைச் சொல்லிக்கொண்டிருந்தது என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

"கண்ணு பட்டுடும்னுதான்மா," என்றார்.

"பட்டா படட்டும். பத்துப் பேர்ல ஒன்பது பேரு எப்பிடியும் மேல வர்றதில்ல மாமா, நீ சொன்னாலும் சொல்லாட்டியும். சொல்லு."

லில்லி இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டாள். இயேசுவே என்றாள், தும்பவனத்தம்மா என்றாள்.

முனிரத்தினம் சொன்னார். எழுதி வெச்சிக்கோ என்று ஆரம்பித்தவர் அங்கேயே நிற்கவில்லை. ஆறு வயதில் அவள் ரப்பர் பந்தை இடது காலால் மட்டும் உதைத்ததைச் சொன்னார். தோளை ஒரு பக்கம் இறக்கி மறு பக்கம் போகிறாளே, அதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது என்றார். இடுப்பில் கைவைத்து நிற்கிறதை விட்டுத் தொலைத்தால் ஒரு வருடத்தில் கோச்சம்மா தானாக வந்து கேட்பார் என்றார். ஏஞ்சல் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். வண்டி நிற்பதைப் பார்த்துக் கை காட்டிய இரண்டு பயணிகளை அவர் பார்க்கவே இல்லை.

மூச்சு வாங்க அவர் நிறுத்தியபோது பின் இருக்கையில் லில்லி ஒரு காதிலிருந்து விரலை எடுத்திருந்தாள்.

"எல்லாத்தயும் சொல்லிட்ட," என்றாள். "கம்பத்துல அடிச்சத வுட்டுட்டியே."