முட்டை ஓட்டில் செய்த பனி

இன்று காலை லாங்கன்தால் ஊரிலுள்ள என் வீட்டில் முட்டை அவித்து உரித்தேன். ஓட்டைக் குப்பையில் போடக் கை போகவில்லை. இது எனக்குப் பழைய வியாதி, மனைவி கண்டுகொள்வதில்லை. நீங்களும் சிரிக்காமல் கேளுங்கள்.

டாவோஸ் ஹோட்டல் ஒன்றில் நான் கோப்பை கழுவிய காலம். என்னோடு கழுவியவர் லியென் அக்கா, வியட்நாமில் அரக்கு ஓவியம் படித்தவர். பலகையில் முட்டை ஓட்டைத் துண்டு துண்டாகப் பதித்து, மேலே கறுப்பு அரக்கைப் பூசுவார். காய்ந்தபின் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் உள்ளே இருக்கும் படம் வெளியே வரும். அந்த மரப்பால் அரக்கு காய ஈரக் காற்று வேண்டும். மலையில் அதற்கு எங்கே போவது? கழுவும் அறையில்தான் நாள் முழுக்க நீராவி. பலகைகளை அங்கே தட்டங்களுக்குப் பின்னால் செருகி வைப்பார்.

நான் கெட்டிக்காரன் அல்லவா? கரிபிடித்த தட்டம் என்று எண்ணி, ஒன்றை எடுத்து உரஞ்சித் தள்ளினேன். கறுப்புக்குள்ளிருந்து ஒரு மலை வந்தது. ஐரோப்பிய நவீன ஓவியர்கள் பொருளைக் கோணம் கோணமாக உடைத்து வரைவார்களே, அப்படி உடைந்த மலை. பனியெல்லாம் முட்டை ஓடு.

எங்களுக்குள் பேச்சு அரைகுறை ஜெர்மன். என் தமிழிலேயே சொல்கிறேன்.

"ஐயோ அக்கா, தெரியாமச் செய்துபோட்டன்."

"நாளைக்கு நான் செய்யவேண்டியதை நீர் இண்டைக்கே செய்துபோட்டீர். ஒரு மூலைதான் கூடத் தேஞ்சுபோச்சு. இருக்கட்டும்."

அந்தப் படத்தைத்தான் அவர் நம்பியிருந்தார். கண்காட்சி நடத்தும் சூரிச்காரர் ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் கோப்பை கழுவுவதற்கு முழுக்குப் போட்டுவிடலாம்.

வந்தவர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அரக்கு வேலை நல்ல வடிவு. ஆனா மலையை உடைக்கிற வேலையை எங்கடை ஆக்கள் எப்பவோ செய்திட்டினம். உங்கடை தாமரை, மூங்கில் எண்டு படம் கீறித் தாங்கோ. கண்காட்சி வைக்கிறன்."

நான் அக்காவின் காதுக்குள் சொன்னேன்: "ஓம் எண்டு சொல்லுங்கோ. ரெண்டு தாமரைதானே." இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அக்கா அவரைப் பார்த்தே பதில் சொன்னார். "நான் ஒவ்வொரு நாளும் யன்னலாலை பாக்கிறது மலை. அரக்கும் என்ரை, மலையும் என்ரை."

சூரிச்காரர் போய்விட்டார். அக்கா ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, படத்தைக் கொண்டுபோய்ப் பணியாளர் சாப்பாட்டறையில் மாட்டினார். தலைமைச் சமையல்காரர் கழற்றச் சொன்னார். அக்கா கழற்றவில்லை. கோப்பை கழுவிய நாங்கள் ஒருவரும் கழற்றவில்லை.

அந்த ஹோட்டலை இடித்துவிட்டார்கள். லியென் அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். படம் எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாது. தாமரை கீறியிருந்தால் பெயராவது மிஞ்சியிருக்கும் என்று அந்நாளைய கூட்டாளிகள் சொல்லும்போதெல்லாம் சண்டைக்குப் போகிறேன். அப்படி ஒரு தாமரைப் படம் மிஞ்சி, இலவசமாகவே என் கைக்கு வந்திருந்தாலும், அதற்காக என் வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடித்திருக்க மாட்டேன்.