வெளியே வராத மேஜை

இன்று காலை ஒரு முந்திரிப் பருப்பு எங்கள் சாப்பாட்டு மேஜையின் நடுப்பிளவில் விழுந்துவிட்டது. காடாம்புலியூர் முந்திரியாயிற்றே, விட மனசில்லை. அடியில் தவழ்ந்தேன். அங்கே இன்னும் பலாமரத்தூள் வாசம், கூடவே கன்வேயர் பெல்ட் ரப்பர் வாசம். மூக்கு என்னை நேராக நெய்வேலி குவார்ட்டர்ஸில் கொண்டுபோய் விட்டது.

பத்தாம் வகுப்புக் கணக்கு என்னை இரண்டு முறை கைவிட்டிருந்தது. உங்களிடம் சொல்வதற்கென்ன, நானும் அதைத் தேடிப் போகவில்லை. வெல்டிங் கடை ரஃபீக்கோடு சேர்ந்து 'டிசைன் பர்னிச்சர்' செய்யக் கிளம்பினேன். அப்பா மைன்ஸிலிருந்து ரிட்டயர் ஆகப்போகிறார். காடாம்புலியூரில் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டுக்கு ஒரு மேஜை; குவார்ட்டர்ஸ் கூடத்திலேயே வைத்துச் செய்தோம். பலாப்பலகை, பழைய இரும்புக் கடைக் கால்கள், தரையில் வழுக்காமலிருக்க பெல்ட் ரப்பர். நடுவே பலகையைப் பிளந்துகொண்டு நாலடி இரும்புச் சக்கரம். சுரங்கத்தில் நிலக்கரி வெட்டும் இயந்திரத்தின் சக்கரம் மாதிரியே. அதன் விளிம்பிலிருக்கும் வாளிகளுக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர்கள். சக்கரத்தைச் சுற்றினால் ஊறுகாய் ஆளைத் தேடி வரும் என்பது ஏற்பாடு. வந்தது, அம்மாவின் மடியில் கவிழ்ந்தது.

"இனிமே இது சுத்துச்சி, உங்க ரெண்டு பேரயும் தெருத்தெருவா சுத்த வுட்டுடுவேன்."

ரஃபீக் பயந்துபோய்ச் சக்கரத்தை அசையாதபடி, பலகையில் பதித்த அச்சோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிட்டான்.

என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியிராத அப்பா, ஷிப்ட் நண்பர்களைக் கூட்டிவந்து, "நம்ம பையன் செஞ்சதுங்க" என்றார். நான் அடுக்களைக்குள் போய் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தேன்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாள் வந்தது. ஐந்து மணிக்குள் சாவி கொடுத்தால்தான் அப்பாவின் செட்டில்மென்ட் நகரும். சாமான்கள் லாரி ஏறின. மேஜை வாசலில் சிக்கியது. சாய்த்தோம், நிமிர்த்தினோம், குப்புறப் போட்டோம்.

"டேய், புது வூட்டு வாசல அளந்தமே, இத அளந்தமா?" என்றான் ரஃபீக்.

"டேப்ப புடிச்சிகினு நின்னது நீதானடா?"

"நீ காட்டுன கதவதான அளந்தேன்!"

உள்ளே நுழையுமா என்று அங்கே நாலரை அடி இரட்டைக் கதவை மூன்று தடவை அளந்தவர்கள், வெளியே வருமா என்று இங்கே மூன்றடிக் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குவார்ட்டர்ஸில் பிறந்தவன் மண்டையில், அதைவிட்டு வெளியேற வேண்டிவரும் என்பது ஏறவே இல்லை போலும்.

வெல்டிங்கை வெட்டலாமென்றால் காலையிலேயே கரண்டைத் துண்டித்துவிட்டார்கள். மிச்சம் கைரம்பம்தான். மணி நாலு. அப்பாவிடம் நீட்டினேன்.

"செஞ்சவன் நீ. நான் கைய வெக்க மாட்டேன்."

பலகையை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். சக்கரத்தின் இருபுறமும் அறுத்தேன். மஞ்சள் நிற மரத்தூள் அவர் பாதத்தில் கொட்டியது, அவர் தட்டிவிடவில்லை. விடுபட்ட சக்கரத்தை வாசலுக்குத் தள்ளியதும், அது எங்கள் கையை உதறி, படியிறங்கி உருண்டு, பக்கத்து வீட்டு முருங்கையில் முட்டி நின்றது.

"இப்ப சுத்துது பாரு" என்றாள் அம்மா.

சாவி பத்து நிமிஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தது.

இப்போது இந்த வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் அந்தச் சக்கரத்தில் பாகற்கொடி ஏறியிருக்கிறது. மேஜையின் இரண்டு பாதிகளும் உட்பக்கம் செங்கல் முட்டில் ஒட்டாமல் ஒட்டி நிற்கின்றன. போன மாதம் ரஃபீக்கும் நானும் குவார்ட்டர்ஸ் இருந்த பழைய பிளாக் பக்கம் போனோம். வரிசையோடு இடித்திருந்தார்கள். எங்கள் வாசற்படி மட்டும் இருந்தது. அதற்கு மேல் வெறும் வெயில். ரஃபீக் படியில் ஏறி நின்று இரண்டு கைகளையும் விரித்து அளந்தான்.

"தாராளமா வரும்டா. தூக்கினு வா."