பலகையா, ராஜையன் சாரா?

"மக்கா, ராஜையன் சார் போயிட்டாருலே" என்று டீக்கடை மோகன் போனில் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "நல்லாப் பாத்தியா?" அசையாமல் இருப்பதில் அந்த மனிதர் என்னை ஒருமுறை ஏமாற்றியவர். கதையைக் கேட்டால் நீங்களும் என் சந்தேகத்தை மன்னிப்பீர்கள்.

புதுக்கடைப் பக்கம் எங்கள் ஊரில் போக்குவரத்து சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவர். பள்ளிக்கூடத்து வளைவில் வண்டிகள் ஓயாமல் மோதின. வேகம் பிடிக்கும் கேமரா கேட்டு, சாலைப் பாதுகாப்பு நிதிக்கு எழுதிப் போட்டார். நிதி வந்தது, கேமரா வரவில்லை. ஆளுயரத்தில் வெட்டிய ஒரு பலகை வந்தது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக அதில் நின்றது சாட்சாத் ராஜையன் சாரேதான்.

"நிதியில தனக்கே சிலை வச்சுக்கிட்டாரு பாத்தியா?" என்றான் மோகன். மிச்சம் எங்கே போயிற்று என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தோம். அவர் வீட்டில் புதுக்கதவு போட்டதும், நலம் விசாரிக்கிற சாக்கில் போய், தேக்குதானா என்று தட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

பலகையைக் கண்டு வண்டிகள் பம்மியதெல்லாம் கொஞ்ச நாள்தான். குட்டு வெளிப்பட்டதும் யாரோ அதற்குச் செவ்வந்தி மாலை போட்டார்கள். நானோ ஹெல்மெட்டை பைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு, பறந்தபடியே அதற்கு நாக்கைத் துருத்திக் காட்டுவேன். இந்த வயதில் செய்கிற காரியமா என்று நீங்கள் கேட்கவேண்டாம். வீட்டில் கேட்டாயிற்று.

ஒரு காலை வழக்கம்போல நாக்கை நீட்டினேன். பலகை விசிலடித்தது.

நானும் வண்டியும் பக்கத்து மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் போய் விழுந்தோம். சார் ஓடி வந்தார்.

"அடி பட்டுதா ஓய்? இல்லேன்னு சொல்லும். ஒரு விபத்து கூடினா எனக்க கேமரா போச்சு."

"எந்த கேமரா?"

"விபத்து கொறஞ்சாத்தான் அடுத்த வருசமும் நிதி தருவாவ. இந்தத் தடவ வந்தது பலகைக்குத்தான் தெகஞ்சுது. பலகைக்கு ஒருத்தனும் பயப்படல்ல. அதான் அத மாத்தி வச்சிட்டு நானே நிக்கேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைய ரோடு கடக்க வேண்டாமா?"

என்னைக் கைகொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "அந்தக் கதவு மாமனாரு தந்த தேக்கு. தட்டிப் பாத்தீரே, சத்தம் எப்பிடி?"

கதையை நான் ஊரெல்லாம் பரப்பினேன். அதன்பின் எந்த நாள் பலகை, எந்த நாள் சார் என்று எவருக்கும் நிச்சயமில்லை. வண்டிகள் ஊர்ந்தன. மோதல் குறைந்தது. மறுவருடம் கேமராவும் வந்தது. ஆனாலும் பலகையை அவர் எடுக்கவில்லை. "இந்த கேமரா உண்மையிலேயே படம் பிடிக்குமா சார்?" என்று கேட்டேன். "சந்தேகம் இருக்கட்டும் ஓய். உறுதியாத் தெரிஞ்சா முறுக்கிருவீரு" என்றார்.

இப்போது சவப்பெட்டிக்குள் தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் படுத்திருந்தார். ஜெபம் முடியும்வரை அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். விசில் வரவில்லை.

திரும்பும்போது வளைவில் பலகை, வெயிலில் முகம் வெளுத்து நின்றது. இனி அது வெறும் பலகைதான் என்பது என்னைவிட உறுதியாக யாருக்குத் தெரியும்? ஆனாலும் கை தானாகவே ஆக்சிலரேட்டரைத் தளர்த்தியது. சார் எனக்கு விட்டுப்போனது அந்தச் சந்தேகம் ஒன்றுதான்.

பள்ளி விட்டிருந்தது. கடைசிப் பிள்ளை கடக்கும்வரை நின்றேன். நாக்கு வாய்க்குள்ளேயே இருந்தது.