சின்னவர் காருக்குக் காட்டிய சூடம்

போன வாரம் மகனுடைய கார் மேட்டில் ஏறும்போது திணறியது. கே.கே. நகரில் ஒரு சர்வீஸ் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் பானட்டைத் திறக்கவே இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் சொருகினார், கையிலிருந்த திரையைப் பார்த்தார், "காத்து கூடுதலா போகுது சார், பெட்ரோல் பத்தல" என்றார். வண்டி இருமுவதைக் கேட்டு வீட்டு வாசலிலேயே நான் சொன்னதுதான் அது. மகன் நம்பவில்லை. இந்தக் காதை வைத்துத்தான் அவனைக் காலேஜுக்கு அனுப்பினேன் என்பது அவனுக்கு மறந்துவிட்டது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனால் எழுபதுகளில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் சரியில்லை என்றால் மதுரையில் பாதிப் பேர் மேலூர் ரோட்டில் இருந்த என் ஷெட்டுக்குத்தான் வருவார்கள். டாக்டர் வண்டி, வக்கீல் வண்டி எல்லாம் வேப்பமரத்தடியில் எனக்காகக் காத்து நின்றன. பெருமைக்குத்தான் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிப் பெருமை காதருக்குச் சேர வேண்டியது. ஷெட்டில் அவர் எனக்குச் சரிபாதிக் கூட்டாளி. அதிகம் பேசமாட்டார், அவருக்கும் சேர்த்து நான் பேசினேன். அவர் கை வைத்துச் சரியான வண்டியையும் "நான் தொட்டேன், ஓடிருச்சு" என்று சொல்லிக்கொள்வேன். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்.

சின்னவர் என்று ஒருவர் இருந்தார். மேலூர்ப் பக்கத்து ரைஸ்மில் முதலாளியின் இளைய மகன். கோபம் வந்தால் அவருக்கு முதலில் பேசுவது கைதான். மில் டிரைவர் ஒருவருக்கு அவர் அறைந்ததில் ஒரு காது கேட்காமலே போனது ஊருக்கே தெரியும். அவரிடம் சீமையில் செய்த கார் ஒன்று இருந்தது. ரெண்டே சீட்டு, கூரை கிடையாது, பச்சை நிறம். எஞ்சினுக்கு ரெட்டைக் கார்புரேட்டர். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு திருகு மரை. ஏற்றினால் பெட்ரோல் குறையும், இறக்கினால் கூடும். கால் சுற்றில் வண்டியின் குணமே மாறிப்போகும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வறுத்த காப்பிக்கொட்டை நிறம் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் பெட்ரோல் பத்தவில்லை, கரியாக இருந்தால் அதிகம். இரண்டும் ஒரே மாதிரி மூச்சு விடும்வரை காதர் இரண்டு நாள் குனிந்தே கிடந்தார். அந்த வாரம் முழுக்க எங்கள் சோற்றிலும் பெட்ரோல் வாடைதான்.

ஓட்டிப் பார்த்த சின்னவருக்குத் திருப்தி இல்லை.

"வேகம் பத்தலையே. ஞாயித்துக்கிழமை அழகர்கோவில் ரோட்டுல என் மச்சான் என் புகையத்தான் பாக்கணும்."

"விட்டுட்டுப் போங்க. நான் இருக்கேன்ல" என்றேன்.

கார்புரேட்டரின் கிண்ணத்துக்குள் பித்தளை மிதவை ஒன்று இருக்கும். பெட்ரோல் நிரம்பினால் அது எழும்பி வழியை அடைத்துவிடும். அதன் நாக்கைக் கொஞ்சம் நெளித்தால் தாமதமாக அடைக்கும், பெட்ரோல் தாராளமாக ஏறும். கையில் குறடு எடுத்தேன்.

"மரையோட நிப்பாட்டு மாப்ள. அத நெளிச்சா வழிஞ்சிரும்" என்றார் காதர்.

"நீ ஒரு பயந்தாங்கொள்ளி மாப்ள."

"சரி. பக்கத்துல பீடி மட்டும் பத்த வைக்காத. எனக்குப் பிள்ளகுட்டி இருக்கு."

நெளித்தேன்.

ஞாயிறு காலை சின்னவர் இரண்டு ஆட்களோடு வந்தார். வேலை முடிந்து ஷெட்டைவிட்டுப் போகும் எந்த வண்டிக்கும் சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து, முன்னால் சூடம் காட்டித்தான் அனுப்புவோம். அதைச் செய்வது நான். சின்னவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகிவிட்டு, "எஞ்சினுக்கும் காட்டுய்யா, அதுதான ஓடப்போகுது" என்றார். பானட் திறந்திருந்தது. வண்டியின் பின்னால் பெட்ரோல் பம்பு டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. கிண்ணம் நிரம்பியதும் அது நிற்க வேண்டும்.

"மாப்ள, பம்பு நிக்கல" என்று காதர் பின்னாலிருந்து மெல்லச் சொன்னார். "சூடத் தட்டக் கிட்ட கொண்டு போகாத."

எனக்கும் கேட்டது. ஆனால் ஏற்றிய சூடத்தோடு, அதுவும் சின்னவர் பார்க்கும்போது, எப்படித் திரும்புவது? இன்னும் ஓர் எட்டு வைத்தேன்.

ஈரப் போர்வையை உதறியது போல ஒரு சத்தம். என் புருவம் கருகியது. சின்னவர் கதவைத் தாண்டிக் குதித்தார். காதர் தீக்குள் கையை விட்டு பெட்ரோல் குழாயைப் பிடுங்கி மடக்கிப் பிடித்தார், மறுகையால் சாக்கை வைத்து அடித்தார். தீ அடங்கியபோது காரின் ஒரு பக்கம் பெயின்ட் கொப்புளித்துக் கிடந்தது.

"எவன்டா கார்புரேட்டர்ல கை வச்சவன்?" என்று கத்தினார் சின்னவர்.

சூடத்தை யாரும் குறை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். சின்னவர் சுற்றிப் பார்த்தார். காதரின் இரண்டு கையும் முழங்கை வரை கரி. "இவன்தான்" என்றார். ஆட்கள் இருவரும் காதரைப் பிடித்தார்கள். சின்னவர் ஜாக்கி ராடை எடுத்தார். முதல் அடி தோளில். இரண்டாவது முதுகில். காதர் மண்டியிட்டதும் அவருடைய வலது கையை இழுத்து மட்கார்டு மேல் வைத்து மணிக்கட்டில் இறக்கினார். முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம்தான் அது. மறுபடியும் அதே இடத்தில் ஒன்று.

காதர் என்னை ஒரே தடவை பார்த்தார். எல்லாவற்றுக்கும் "நான், நான்" என்ற வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. அந்தத் தட்டை ஏந்திக்கொண்டே நின்றேன்.

எலும்பு கூடியது, மணிக்கட்டு திரும்பவில்லை. ஸ்பேனர் பிடிக்க முடியாமல் அடுத்த வருஷமே மேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை போட்டார் காதர். "வாரேன் மாப்ள" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஷெட்டும் பெயரும் முழுசாக எனக்கானது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் கடையில் டீ குடித்தேன். இடது கையால் ஆற்றித் தருவார். மழையைப் பேசுவோம், வண்டியைப் பேச மாட்டோம்.

அவர் மௌத்தான அன்று அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவருடைய மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அத்தா கடைசி வரைக்கும் சொல்வாங்க மாமா. 'மிதவைய நெளிச்சது நாந்தான், கூட்டாளி வேணாம்னான், நான் கேக்கல'ன்னு. நீங்க அம்புட்டுத் தடுத்தீங்களாமே."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

ஷெட் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். ரைஸ்மில் இடிந்து போனது, சின்னவரும் போய்ச் சேர்ந்தார். அந்தப் பச்சைக் காரை எடைக்குப் போட்டதாகச் சொன்னார்கள். வருகிற வண்டிகளில் கார்புரேட்டர் என்ற சாமானே கிடையாது. மிதவையை நெளித்தவன் நான்தான். இப்போது சொன்னால் அடிக்க ஆளில்லை. அதனால்தான் சொல்ல முடிகிறது.