இல்லாத வீட்டில் ஒரு பங்கு

இன்று மதியம் காரைக்குடியில் மகள் செல்வியோடு படத்துக்குப் போனேன். படம் பார்க்க அல்ல, இடைவேளையில் வரும் அரிசி விளம்பரத்தைப் பார்க்க.

அதை அவள் கேமராவே இல்லாமல், வீட்டு மேசையில் உட்கார்ந்து ஏஐ வைத்துச் செய்திருந்தாள். பெரிய வீட்டு முகப்பு, கல்யாணப் பந்தி, பரிமாறும் பெண்கள் எதுவும் நிஜமில்லை. விளம்பரம் கொடுத்த புதுவயல் அரிசி மில்காரரும் கூட வந்திருந்தார். அவர் முன்பே சொல்லிவிட்டார்: "நம்ம சனம் பொம்மைன்னு சிரிச்சுட்டா அடுத்த வேலை கிடையாதும்மா."

அவளைவிட எனக்குத்தான் பயம். இலையின் நுனி வலப்பக்கம் இருந்ததைத் தயங்கித் தயங்கிச் சொல்லி, நேற்றுதான் திருத்த வைத்திருந்தேன். வேறு எதையாவது கவனிக்காமல் விட்டிருப்பேனோ?

விளம்பரம் ஓடியது. யாரும் சிரிக்கவில்லை.

பின்வரிசையில் ஒருவர், "இது நெற்குப்பையில இருக்கிற வீடுல்ல?" என்றார்.

அவருக்குப் பக்கத்திலிருந்த ஆச்சி விடவில்லை. "என்ன பேசுறீக? அரியக்குடியில எங்க வகையறா வீடு. முகப்பைப் பார்த்தாத் தெரியலையா? எங்களுக்கும் அதுல பங்கு இருக்கு. சூட்டிங்குக்கு விட்டவுக ஒரு வார்த்தை சொன்னாகளா?"

முன்பின் தெரியாதவர்களிடம் பேச்சுக் கொடுக்கும் பழக்கம் எனக்கில்லை. இன்று திரும்பிவிட்டேன்.

"ஆச்சி, அது எம் மக கம்ப்யூட்டர்ல செஞ்ச வீடு."

ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பங்காளிக சொல்லி அனுப்புனாகளாக்கும்?"

மில்காரர் சிரித்துக்கொண்டே, தீபாவளி விளம்பரமும் செல்விக்குத்தான் என்றார்.

என் மகள் கட்டிய முதல் வீடு. அதற்குள் வழக்கு வந்துவிடும் போலிருக்கிறது. நல்ல வக்கீல் யாரையாவது தெரிந்தால் கீழே எழுதுங்கள்.